இன்னும் ஒரே ஓர் ஆட்டம்

நுழையும்முன்

பேருந்து வரும்வரை, மருத்துவமனையில் பெயர் அழைக்கப்படும்வரை, உறக்கம் கண்ணைத் தழுவும்வரை என வாய்க்கும் சிறுசிறு இடைவெளிகளில் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் திறன்பேசியில் புதிர் விளையாட்டுகளை ஆடுகின்றனர். வண்ணங்களைப் பொருத்துவதும் விழும் துண்டுகளை அடுக்குவதும் இணைகளைத் தேடி நீக்குவதும் ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளத்தக்க செயல்கள். ஆனால், அவற்றைப் பற்றி ஆடுவோர் கொண்டிருக்கும் கருத்துகள் அவ்வளவு எளியவை அல்ல. அக்கருத்துகளை அவ்விளையாட்டுகளின் வரலாற்றோடும் அமைப்போடும் சேர்த்துக் காண்கிறது இக்கட்டுரை.

ஒரே விளையாட்டை இருவர் ஆடுகின்றனர். ஒருவர் அதனை மனத்திற்கு ஓய்வு என்கிறார். மற்றவர் நேரத்தைத் தின்னும் பூதம் என்கிறார். ஒரே மனிதரே மாலையில் முதற்கருத்தையும் நள்ளிரவில் இரண்டாம் கருத்தையும் கூறுவதும் உண்டு. ‘இன்னும் ஒரே ஓர் ஆட்டம்’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, அந்த ஒன்றை ஒன்பதாக்கியவரின் கூற்று அது. இவ்விரு கருத்துகளில் ஒன்று மெய், மற்றது பொய் என்று தள்ளிவிட இயலாது. விளையாட்டின் உள்ளமைப்பை அறிந்தால் இரண்டும் எங்கிருந்து பிறக்கின்றன என்பது புலப்படும்.

இத்தகைய விளையாட்டுகளை ஆங்கிலத்தில் ‘கேஷுவல்’ என்னும் அடைமொழியால் குறிப்பர். ஈடுபாடு மிகுதியும் வேண்டாத, போகிற போக்கில் ஆடத்தக்க விளையாட்டு என்பது அதன் பொருள். பெயர் அப்படியே தவிர, நடைமுறை வேறு. டென்மார்க்கைச் சேர்ந்த விளையாட்டு ஆய்வாளர் யெஸ்பர் யூல், இவற்றை ஆடுவோர் பலர் நாள்தோறும் நெடுநேரம் ஆடுகின்றனர் என்பதையும் இவற்றின் தனித்தன்மை எளிமையில் இல்லை, நெகிழ்வில் இருக்கிறது என்பதையும் எடுத்துக்காட்டினார். ஐந்து நிமிடம் கிடைத்தால் ஐந்து நிமிடம் ஆடலாம். அடுப்பில் பால் பொங்கினால் வைத்துவிட்டு எழலாம். மீண்டும் வந்து தொடரலாம். ஐந்து மணி நேரம் ஆடினாலும் விளையாட்டு தடுப்பதில்லை. எந்நேரமும் விட்டுவிடலாம் என்ற உறுதியே விடாமல் இருக்கச் செய்கிறது போலும்!

மாஸ்கோவில் விழுந்த துண்டுகள்

1984ஆம் ஆண்டு சோவியத் அறிவியல் கழகத்தின் மாஸ்கோ கணினி மையத்தில் பணியாற்றிய அலெக்சி பஜித்னோவ் என்பவர், ஐந்து சதுரங்களை ஒட்டி உருவாக்கிய வடிவங்களைப் பெட்டிக்குள் அடுக்கும் ஒரு மரப்புதிரில் ஆர்வம் கொண்டிருந்தார். அப்புதிரைக் கணினிக்குள் கொண்டுவர விரும்பினார். ஐந்து சதுரங்களால் ஆகும் வடிவங்கள் பன்னிரண்டு. விரையும் ஆட்டத்திற்கு அவை மிகுதி. சதுரங்களை நான்காகக் குறைத்தபோது வடிவங்கள் ஏழாயின. ஏழு வடிவங்களை மனத்தில் நிறுத்துவது எவருக்கும் இயலும். மேலிருந்து ஒவ்வொன்றாக விழும் துண்டுகளைத் திருப்பியும் நகர்த்தியும் இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுமையாக நிரம்பினால் அது மறைந்துவிடும். நான்கு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லையும் தமக்குப் பிடித்த டென்னிஸ் ஆட்டத்தின் பெயரையும் இணைத்து ‘டெட்ரிஸ்’ என்று அவர் பெயரிட்டார்.

அவர் பயன்படுத்திய எலெக்ட்ரானிகா 60 என்னும் கணினியில் படம் வரையும் வசதி இல்லை. எனவே, துண்டுகள் வெறும் அடைப்புக்குறிகளால் காட்டப்பட்டன. வண்ணமும் இல்லை, இசையும் இல்லை. அந்நிலையிலேயே அதனை விட இயலவில்லை என்பதுதான் கருதத்தக்கது. நிரலைச் சீர்செய்வதாகக் காட்டிக்கொண்டு ஆடிக்கொண்டேயிருந்ததாகப் பஜித்னோவ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். டெட்ரிஸைப் பற்றிய முதல் ‘ஆடுவோர் கருத்து’ அதனைப் படைத்தவருடையதே எனலாம். பின்னர் டிமித்ரி பாவ்லோவ்ஸ்கியும் அப்போது பதினாறு வயது மாணவராயிருந்த வாதிம் கெராசிமோவும் துணைநிற்க, அவ்விளையாட்டு ஐ.பி.எம். கணினிக்கு வண்ணத்தோடு மாற்றப்பட்டது. வட்டிலிருந்து வட்டிற்குப் படியெடுக்கப்பட்டு, விற்பனை எதுவுமின்றிக் கைமாறிப் பரவியது.

1989ஆம் ஆண்டு ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ‘கேம் பாய்’ என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதனுடன் எந்த விளையாட்டை இணைத்துத் தருவது என்னும் வினா எழுந்தது. உரிமம் பெறுவதற்காக மாஸ்கோவிற்கே நேரில் சென்று பேசிய ஹென்க் ரோஜர்ஸ், சிறுவர்கள் மட்டும் வாங்கினால் போதுமெனில் மாரியோவை இணைக்கலாம், எல்லாரும் வாங்க வேண்டுமெனில் டெட்ரிஸை இணைக்க வேண்டும் என்று வாதிட்டார். அவர் கணிப்புப் பொய்க்கவில்லை. அலுவலகம் செல்வோர், இல்லத்தரசியர், முதியோர் எனக் கணினி விளையாட்டு தமக்குரியதன்று என எண்ணியிருந்த பலர் அக்கருவியைக் கையில் எடுத்தனர். சோவியத் நாட்டில் உரிமை அரசின்வசம் இருந்தமையால், படைத்தவருக்கு உரிமத்தொகை கிடைக்கத் தொடங்கியது 1996ஆம் ஆண்டில்தான்.

நீளத்துண்டு வருவதில்லை

டெட்ரிஸ் ஆடுவோரிடம் மிகப் பழைய குறை ஒன்று உண்டு. நான்கு சதுரங்களும் நேர்க்கோட்டில் அமைந்த நீளத்துண்டு வேண்டும்போது வருவதில்லை என்பதே அது. நான்கு வரிசைகளை ஒரே நேரத்தில் நீக்க அத்துண்டால் மட்டுமே இயலும்; மதிப்பெண்ணும் அதற்கே மிகுதி. ஆகவே, ஓர் ஓரத்தில் இடம்விட்டு மற்ற இடங்களை நிரப்பிக் காத்திருப்பர். துண்டு வராது; அடுக்கு உயரும்; ஆட்டம் முடியும். ‘கணினி வேண்டுமென்றே வஞ்சிக்கிறது’ என்று ஆடியவர் கொதிப்பார்.

இக்குறையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏழு வடிவங்களும் சம வாய்ப்புடன், முன் வந்ததைப் பொருட்படுத்தாமல் வருவதாகக் கொள்வோம். அடுத்துவரும் துண்டு நீளத்துண்டாக இல்லாதிருக்கும் நிகழ்தகவு ஏழில் ஆறு. அடுத்த பன்னிரண்டு துண்டுகளிலும் அது ஒருமுறைகூட வாராதிருக்கும் நிகழ்தகவு, ஏழில் ஆறைப் பன்னிரண்டு முறை பெருக்கக் கிடைப்பது. அஃதாவது ஏறத்தாழ 16 விழுக்காடு. இருபது துண்டுகள் வரையிலும் வாராதிருக்கும் நிகழ்தகவுகூட நான்கரை விழுக்காட்டிற்குச் சற்று மேல். நூற்றுக்கணக்கான துண்டுகள் விழும் ஓர் ஆட்டத்தில் இத்தகைய ‘வறட்சி’ நேர்வது இயல்பே. வஞ்சனை எதுவும் இல்லை. ஆனால், தற்செயலின் உண்மை முகம் மனிதருக்குத் தற்செயலாகத் தோன்றுவதில்லை, பகையாகத் தோன்றுகிறது.

ஆடுவோரின் இக்கருத்து விளையாட்டின் விதியையே மாற்றியது. பிற்கால டெட்ரிஸ்களில், ஏழு வடிவங்களையும் ஒரு பைக்குள் இட்டுக் குலுக்கி ஒவ்வொன்றாக எடுத்து, பை ஒழிந்தபின் மீண்டும் ஏழையும் இட்டுக் குலுக்கும் முறை புகுத்தப்பட்டது. இம்முறையில் ஒரு நீளத்துண்டிற்கும் அடுத்ததற்கும் இடையே பன்னிரண்டு துண்டுகளுக்கு மேல் வர இயலாது. புதியவர்கள் இதனை நியாயம் என்றனர். பழைய ஆட்டக்காரர்களோ, வறட்சியைத் தாங்கும் வகையில் அடுக்குவதுதான் திறமை. வறட்சியே இல்லையெனில் திறமைக்கு என்ன வேலை என்று கேட்கின்றனர். விதியின் கொடையை நம்பி உழுபவருக்கும் கால்வாய்ப் பாசனத்தில் உழுபவருக்கும் இடையிலான வழக்கை ஒத்தது இது. இரு தரப்பும் நியாயத்தையே பேசுகின்றன. நியாயம் எது என்பதில்தான் வேறுபடுகின்றன.

மற்றொன்றும் உண்டு. எவ்வளவு திறமையாக ஆடினாலும் டெட்ரிஸில் இறுதிவரை தாக்குப்பிடிக்க இயலாது என்பதனை ஹெய்டி பர்கீல் என்னும் கணித அறிஞர் 1997ஆம் ஆண்டில் நிறுவினார். வளைந்த வடிவங்கள் இரண்டும் மாறிமாறி இடைவிடாது வந்தால், எவர் ஆடினும் அடுக்கு உச்சியைத் தொட்டே தீரும். வடிவங்கள் முற்றிலும் தற்செயலாக வருமாயின், முடிவில்லாமல் நீளும் ஆட்டத்தில் அத்தகைய வரிசை என்றேனும் ஒருநாள் வந்தே தீரும். தோல்வி உறுதி என்று தெரிந்தே ஆடும் விளையாட்டு அது. ஆயினும் ‘எவ்வளவு நேரம் நின்றேன்’ என்பதில் பெருமை கொள்வோர் குறையவில்லை.

தெரிந்து தெளிவோம்

டெட்ரிஸில் வல்லவர்கள் துண்டைத் தேவைக்கு மேல் திருப்புகின்றனர். இது வீண்செயல்போலத் தோன்றும். டேவிட் கிர்ஷ், பால் மாக்லியோ என்னும் ஆய்வாளர்கள் 1994ஆம் ஆண்டில் இதற்கு விளக்கம் அளித்தனர். துண்டு எங்குப் பொருந்தும் என்பதை மனத்துக்குள் திருப்பிப் பார்ப்பதைவிடத் திரையில் திருப்பிப் பார்ப்பது விரைவானது. அங்கே கை, மூளையின் வேலையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கிறது. வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து முற்றலா எனத் தெளிபவரின் கையும் செய்வது அதுவே.

இணை தேடும் கண்

விழும் துண்டுகளின் பரபரப்பு இல்லாத வேறொரு மரபும் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த பிராடி லாக்கார்ட் என்னும் மாணவர், சீருடற்பயிற்சியின்போது நேர்ந்த விபத்தால் கழுத்திற்குக் கீழ்ச் செயலிழந்தார். வாயில் கவ்விய கோலால் விசைகளை அழுத்தி, 1981ஆம் ஆண்டில் பிளேட்டோ என்னும் கல்விக் கணினி வலையமைப்பில் ஒரு விளையாட்டை எழுதினார். சீனரின் மாஜோங் ஆட்டத்திற்குரிய 144 வில்லைகளை அடுக்கடுக்காகக் குவித்து, பக்கவாட்டில் தடையின்றி இருக்கும் ஒத்த இணைகளைக் கண்டு நீக்குவது அது. 1986ஆம் ஆண்டில் ‘ஷாங்காய்’ என்னும் பெயரில் ஆக்டிவிஷன் நிறுவனம் அதனை வெளியிட்டது. காலக்கெடு இல்லை, விரைவு தேவையில்லை, உற்றுநோக்கும் கண் போதும். விரலின் வேகத்தை வேண்டாத விளையாட்டை, விரலை அசைக்க இயலாத ஒருவர் படைத்தார் என்பது நெஞ்சில் நிறுத்தத்தக்கது. இன்றும் கை நடுக்கம் உள்ள முதியோர் பலர் இவ்வகை ஆட்டங்களை விரும்புவதற்குக் காரணம் இதுவே. ஆனால், இதிலும் ஒரு மனத்தாங்கல் உண்டு. தற்செயலாகக் குவிக்கப்பட்ட வில்லைகளுள் சில அமைப்புகள் எவ்வாறு ஆடினும் தீராதவை. அரை மணி நேரம் முயன்றபின், தொடக்கத்திலேயே வழி இல்லை என்று அறிவது கசப்பானது. எனவே, தீர்வு உண்டு என உறுதி செய்தபின்னரே வில்லைகளைக் குவிக்கும் நிரல்களை ஆடுவோர் தேடிச் செல்கின்றனர்.

ஒத்த மூன்றை வரிசையில் சேர்க்கும் விளையாட்டின் முன்னோடியாகக் கருதப்படுவது, உருசியாவைச் சேர்ந்த யூஜின் அலெம்ஜின் 1994ஆம் ஆண்டில் உருவாக்கிய ‘ஷரிகி’. அடுத்தடுத்த இரு வண்ண உருண்டைகளை இடம் மாற்றி, ஒரே வண்ணத்தில் மூன்று அமையுமாறு செய்தால் அவை மறையும். மேலுள்ளவை கீழே சரியும். 2001ஆம் ஆண்டில் பாப்கேப் நிறுவனம் இதே விதியில் மணிக்கற்களைக் கொண்டு ‘பிஜுவல்டு’ விளையாட்டை உருவாக்கியது. ஒவ்வொரு கல்லுக்கும் வண்ணம் மட்டுமன்றி வடிவமும் வேறுவேறாக அமைக்கப்பட்டது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நிறக்குருடு உடையோர்க்கு இது எத்துணைப் பேருதவி என்பதை அவர்களே அறிவர். வண்ணத்தை மட்டும் நம்பிய விளையாட்டுகளைப் பற்றி அவர்கள் கூறும் குறை நெடுங்காலமாகச் செவிமடுக்கப்படவில்லை.

பிஜுவல்டு ஆடுவோர் இரு கட்சியினர். கடிகாரத்தோடு போட்டியிட்டு ஆடுவோர் ஒரு கட்சி. கடிகாரமே இல்லாமல், நகர்த்த இடம் உள்ளவரை நிதானமாக ஆடுவோர் மறு கட்சி. முதற்கட்சியார், நெருக்கடி இல்லாத ஆட்டம் உப்பில்லாப் பண்டம் என்பர். மறுகட்சியார், நாள் முழுதும் நெருக்கடியில் உழன்றபின் விளையாட்டிலும் அதுவேயா என்பர். 2010ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பதிப்பில், தோல்வியே இல்லாத ‘ஸென்’ என்னும் முறை இடம்பெற்றது. மழை ஒலியும் கடலோசையும் பின்னணியில் ஒலிக்க, மூச்சை ஒழுங்குபடுத்தும் வசதியோடு அது அமைந்தது. விளையாட்டு என்பதில் வெற்றி தோல்வி வேண்டாமா என்று கேட்டவரும் உண்டு. இதுவே வேண்டியது என்று மகிழ்ந்தவரும் உண்டு.

கல் சரியும்போது மற்றொரு மூவர் கூட்டு தானே அமைந்து மறைவதும், அதனால் இன்னொன்று அமைவதுமாகத் தொடர்வது இவ்விளையாட்டின் பேரின்பம். ஆடியவர் செய்தது ஒரு நகர்வு; கிடைத்தது ஐந்து வெடிப்பு, ஒளி, ஓசை, மதிப்பெண். நுணுகிப் பார்ப்போர், இதில் ஆடுபவரின் திறமை எங்கே, விளையாட்டு தன்னைத் தானே ஆடிக்கொள்கிறதே என்று எள்ளுவர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எனினும், முன்கூட்டியே சரிவைக் கணித்துக் கீழ்ப்பகுதியில் நகர்த்துவோருக்கு அப்பரிசு அடிக்கடி கிடைக்கிறது. பஜித்னோவ்கூட 2003ஆம் ஆண்டில் ‘ஹெக்ஸிக்’ என்னும் வண்ணம் பொருத்தும் விளையாட்டை உருவாக்கினார். அதில் அறுகோணக் கற்களை மும்மூன்றாகச் சுழற்ற வேண்டும். அதனை நுட்பமானது என்று போற்றியவர் உண்டு. ஆடியவர் எண்ணிக்கையில் டெட்ரிஸின் அருகே அது வரவில்லை.

ஐந்து உயிர்கள்

2012ஆம் ஆண்டில் கிங் நிறுவனம் ‘கேண்டி கிரஷ் சாகா’வை முதலில் முகநூலிலும் பின்னர்த் திறன்பேசியிலும் வெளியிட்டது. மணிக்கற்களின் இடத்தில் மிட்டாய்கள்; விதி பெரும்பாலும் பழையதே. மாறியது விளையாட்டைச் சூழ்ந்த ஏற்பாடு. ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை நகர்வுகள் என்று வரம்பு உண்டு. அதற்குள் இலக்கை எட்டாவிடில் ஓர் ‘உயிர்’ போகும். இருப்பவை ஐந்தே உயிர்கள். போன ஓர் உயிர் மீள முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அல்லது நண்பர்களிடம் இரந்து பெற வேண்டும். அல்லது பணம் செலுத்த வேண்டும். விளையாட்டோ இலவசம்.

இவ்வேற்பாட்டைப் பற்றிய கருத்துகள் வியப்பூட்டுபவை. ஐந்து உயிர்களும் தீர்ந்ததும் ஆட்டம் நின்றுவிடுவதால், அது தமக்கு ஒரு கடிவாளமாக அமைகிறது என்று பாராட்டுவோர் பலர். டெட்ரிஸும் பிஜுவல்டும் அத்தகைய கருணையைக் காட்டவில்லை. அதே கடிவாளத்தை, பசியைத் தூண்டிவிட்டு இலையை இழுப்பது என்று பழிப்போரும் பலர். முப்பது நிமிடம் கழித்து ஓர் உயிர் வந்துவிட்டது என்னும் நினைவு, படிப்பின் நடுவிலும் சமையலின் நடுவிலும் எட்டிப்பார்க்கிறது. முடிந்த செயலைவிட முடியாத செயல் மனத்தில் தங்குகிறது என்னும் கருத்தைப் புளூமா ஸெய்கார்னிக் என்னும் உளவியலாளர் 1927ஆம் ஆண்டிலேயே முன்வைத்தார். பிற்கால ஆய்வுகள் அனைத்தும் அதனை ஒருமுகமாக ஏற்கவில்லை. ஆயினும் பாதியில் நின்ற மிட்டாய்க் கட்டம் தரும் அரிப்பை ஆடியவர் எவரும் மறுப்பதில்லை. திறன்பேசியின் கடிகாரத்தை முன்தள்ளி வைத்து, நேரம் கடந்துவிட்டதாக விளையாட்டை நம்பவைத்து உயிர்களை மீட்டுக்கொண்ட குறும்பர்களும் ஏராளம். காத்திருப்பை விலையாக வைத்தவர்க்கு ஆடுவோர் அளித்த மறுமொழி அது.

பணம் நுழையும் வாயில் எது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். இன்னும் ஒரே ஒரு கட்டத்தை உடைத்தால் வெற்றி என்னும் நிலையில் நகர்வுகள் தீரும். உடனே, மேலும் ஐந்து நகர்வுகள் வேண்டுமா என்று திரை கேட்கும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, இத்தகைய ‘மயிரிழைத் தோல்வி’ முழுத் தோல்வியைவிட மிகுந்த எரிச்சலையும் தொடர்ந்து ஆடும் உந்துதலையும் தருவதைக் காட்டியது. சூதாட்டப் பொறிகளைப் பற்றிய ஆராய்ச்சியில் முன்னரே அறியப்பட்ட இயல்பு இது. வேறுபாடு ஒன்று உண்டு: பொறியில் வென்றால் பணம் திரும்பும், இங்கு வென்றால் அடுத்த நிலைதான் திறக்கும். ஆயினும் ஆடுவோருள் மிகப் பெரும்பாலோர் ஒரு காசும் செலுத்துவதில்லை. ஒரு காசும் செலுத்தாமல் ஆயிரம் நிலைகளைக் கடந்தேன் என்பது அவர்களிடையே ஒரு விருது. செலுத்துவோர் சிலரே, அச்சிலருள்ளும் மிகுதியாகச் செலுத்துவோர் மிகச் சிலரே. அம்மிகச் சிலரின் பணத்தில்தான் மற்றவர் இலவசமாக ஆடுகின்றனர் என்பதை விருதுபெற்றோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆக்டிவிஷன் பிளிஸ்ஸார்டு நிறுவனம் கிங் நிறுவனத்தை 590 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. மூன்று மிட்டாய்களைச் சேர்க்கும் விதிக்கு அவ்விலை தரப்பட்டதாகக் கொள்ள இயலாது. அவ்விதியை எவரும் எழுதலாம்; எழுதியும் உள்ளனர். நாள்தோறும் திரும்பிவரும் மக்களின் பழக்கத்திற்குத் தரப்பட்ட விலை அது. 

விதிக்கு உரிமையாளர் இல்லை என்பதால் நேரும் வருத்தத்திற்கு மற்றொரு சான்று உண்டு. 2014ஆம் ஆண்டில் எண்களை நகர்த்திச் சேர்க்கும் ‘த்ரீஸ்’ என்னும் விளையாட்டை இருவர் ஓராண்டிற்கும் மேலாகச் செதுக்கி, விலைக்கு வெளியிட்டனர். சில வாரங்களில் அதன் சாயலில் பல விளையாட்டுகள் தோன்றின. அவற்றின் வழிவந்த ‘2048’ என்னும் விளையாட்டை இத்தாலியைச் சேர்ந்த கேப்ரியேலே சிருல்லி என்னும் இளைஞர் ஒரு வாரயிறுதியில் எழுதி இலவசமாகத் தந்தார். அதற்காகப் பணம் ஈட்டவும் தொடக்கத்தில் அவர் முனையவில்லை. உலகம் அறிந்தது 2048ஐத்தான். இரண்டையும் ஆடியோருள், த்ரீஸ் ஆழமானது, 2048 விரைவில் அலுத்துவிடும் என்போர் ஒருபுறம். எளிதில் புரிந்ததும் இலவசமாகக் கிடைத்ததுமே சிறந்தது என்போர் மறுபுறம். ஓராண்டு உழைப்பின் மதிப்பு ஆடுவோரின் கணக்கில் எங்கே இடம்பெற வேண்டும் என்னும் வினாவிற்கு இன்றுவரை விடை எட்டப்படவில்லை.

ஓய்வும் உறக்கமும்

இவ்விளையாட்டுகள் மனத்தை இளைப்பாற்றுகின்றன என்னும் கருத்திற்கு ஆய்வின் துணையும் ஓரளவு உண்டு. எமிலி ஹோம்ஸும் அவர்தம் குழுவினரும் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அதிர்ச்சியூட்டும் காட்சிகளைக் கண்டவருள் ஒரு பிரிவினர் அரை மணி நேரம் கழித்து டெட்ரிஸ் ஆடினர். அடுத்த ஒரு வாரத்தில் அக்காட்சிகள் தாமாக மனத்தில் தோன்றித் துன்புறுத்துவது அவர்களுக்குக் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டில் வெளியான ஆய்வில், சொல் வினாடிவினா ஆடியோருக்கு அப்பயன் கிட்டவில்லை. காட்சியாகப் பதிய வேண்டிய நினைவு, காட்சியாக விழும் துண்டுகளோடு இடத்திற்குப் போட்டியிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கவலை மிகுந்த நாளில் வண்ணம் பொருத்தி ஆறுதல் பெறுவதாகக் கூறுவோரின் பட்டறிவு வெறும் சாக்கன்று.

அதே ஆற்றலுக்கு மறுபக்கமும் உண்டு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டின் குழு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மூன்று நாள்கள் டெட்ரிஸ் ஆடியவர்கள் உறக்கத்தின் வாயிலில் துண்டுகள் விழுவதைக் கண்டனர். நினைவிழப்பு நோயால், தாம் ஆடியதையே மறந்தவர்கள் சிலரும் அவ்வாறு கண்டனர்! விளையாட்டை நினைவில் வைத்திராத மூளை அதன் வடிவங்களை வைத்திருந்தது. திறன்பேசியை அணைத்தபின்னும் கண்ணுக்குள் மிட்டாய்கள் சரிகின்றன என்று இன்று கூறுவோர், புதிதாக எதனையும் கூறவில்லை.

எவ்வளவு ஆடினால் மிகுதி? உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப் பட்டியலில் ‘விளையாட்டுக் கோளாறு’ சேர்க்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. அதன் வரையறையில் மணிக்கணக்கு இல்லை. ஆட்டத்தின்மீது கட்டுப்பாடு இழத்தல், பிற கடமைகளையும் விருப்பங்களையும்விட அதற்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தபின்னும் தொடர்தல், வாழ்வின் முதன்மையான துறைகள் இவற்றால் சீர்குலைதல் ஆகியன, பொதுவாக ஓராண்டுக் காலம் நீடிக்க வேண்டும். தேர்வு முடிந்த விடுமுறையில் பகல் முழுதும் ஆடியவரை அது நோயர் என்னாது. நாளுக்கு ஒரு மணி நேரமே ஆடினும் அதற்காகப் பொய் சொல்லத் தொடங்கியவரைப் பெற்றோர் கவனிப்பது நன்று.

முடியும் ஆட்டமும் முடியா ஆட்டமும்

கேண்டி கிரஷில் வாரந்தோறும் புதிய நிலைகள் சேர்க்கப்படுகின்றன. பல்லாயிரம் நிலைகளைக் கடந்து இறுதியை எட்டியவர்கள், அடுத்த தொகுதி வரும் நாளுக்காகக் காத்திருக்கின்றனர். இறுதி என்பது ஒரு வாரத்திற்கு மட்டுமே இறுதி. அதனை நிறைவு என்போரும் உண்டு. ஓடும் படிக்கட்டில் எதிர்த்திசையில் ஏறுவது என்போரும் உண்டு.

1989ஆம் ஆண்டில் நின்டெண்டோவின் தொலைக்காட்சிக் கருவிக்காக வெளிவந்த டெட்ரிஸில், 29ஆம் நிலையில் துண்டுகள் விழும் வேகம் மனித விரலுக்கு அப்பாற்பட்டது, அதுவே எல்லை என்று ஆடுவோர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நம்பியிருந்தனர். 2011ஆம் ஆண்டில் ஒருவர் 30ஆம் நிலையைத் தொட்டார். பின்னர் இளையவர்கள், விசையைக் கட்டைவிரலால் அழுத்தாமல், கருவியின் பின்புறத்தை விரல்களால் தாளமிடுவதுபோல் தட்டி விசையை இயக்கும் முறையைக் கண்டறிந்தனர். நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்கப்பட்டன. 2023ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், அமெரிக்காவின் ஓக்லகோமா மாநிலத்தைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் 157ஆம் நிலையில் ஒரு வரிசையை நீக்கியபோது, நிரல் தாங்காமல் திரை அப்படியே உறைந்து நின்றது. அந்த ஆட்டம் நீடித்தது ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. விளையாட்டு வெளிவந்து 34 ஆண்டுகளில், ஆடுபவர் அன்றி விளையாட்டே முதலில் கைவிட்டது அன்றுதான். மீண்டும் ஆட வேண்டுமெனில் கருவியை அணைத்துவிட்டு முதல் துண்டிலிருந்து தொடங்க வேண்டும்.